வெர்னா வெட்டிய நேர்ப்பாதை

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு கேஸ் லாரி வந்தது. வந்தது வீட்டுக்கு அல்ல, பெரிய சாலைக்கு மட்டும். வீட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சமையலறை ஜன்னலிலிருந்து கால் மைல் தூரத்தில் அது தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

"ஏன் நிக்கிறான்?" என்றாள் வெர்னா.

"ஏன் நிக்கிறான்னா? உள்ள வர முடியாதுன்னு நிக்கிறான்" என்றான் அவள் கணவன் ஆர்விட் கோர்ப்பி, தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல். இடது காலில் இடுப்பு வரை மாவுக்கட்டு. டிசம்பர் நடுவில் கூரையில் சேர்ந்த பனியை இறக்க ஏறியவன் வழுக்கி விழுந்தான். விழும்போது கைக்கு அகப்பட்ட புகைக்குழாயையும் பிடுங்கிக்கொண்டே விழுந்தான். அதனால் கால் போனதோடு விறகு அடுப்பும் போயிற்று. இப்போது வீட்டைச் சூடாக்குவதற்கு இருப்பது கேஸ் ஒன்றுதான். வெளியே நிற்கும் டேங்கின் அளவுமுள் நூற்றுக்குப் பதினொன்றில் நின்றது.

ஓட்டுநர் லைல் பெல்க்கி இறங்கி நடந்து வந்தான். பாதி வழியில், வளைவுக்கு வந்ததும் நின்று காலடியால் அகலத்தை அளந்தான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டே வீடுவரை வந்து கதவைத் தட்டினான். பள்ளிக்கூடச் சமையலறையில் வெர்னா ஊற்றிய சூப்பைப் பன்னிரண்டு வருஷம் குடித்து வளர்ந்தவன். அவள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

"கோர்ப்பிம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. லாரி அந்த வளைவுல திரும்பாது. ரெண்டு பக்கமும் பனிச்சுவர் நெருங்கிடுச்சு. எட்டடிதான் இருக்கு, எனக்குப் பன்னெண்டு வேணும்."

"குழாயை இழுத்துட்டு வந்தா?"

"என் குழாய் நூத்தம்பது அடி. வளைவுலேர்ந்து உங்க டேங்க் அறுநூறு அடி. இழுத்தா நான்தான் நீளணும்."

"மறுபடி எப்ப இந்தப் பக்கம்?"

"புதன் மத்தியானம். அதை விட்டா அடுத்த வாரம்தான். நாளைக்கு ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ இருபத்திரண்டுங்கிறான் ரேடியோவுல. எல்லாரும் கேஸ் கேஸ்னு கத்துறாங்க."

ஒரு ஏலக்காய் ரொட்டித் துண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு அவன் போய்விட்டான்.

"சொன்னேன்ல?" ஆர்விட் தொடங்கினான். "சாவியைக் குடுத்த அன்னைக்கே அகலமாத் தள்ளு, அகலமாத் தள்ளுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். ஒரு பிளேடு அகலத்துக்கு மேல போகமாட்டேன்னு நின்னது யாரு? தள்ளின பனி ஓரத்துல இறுகிச் சுவராயிடும். அப்புறம் கடப்பாறையே வளைஞ்சுடும்."

அவன் சொன்னது உண்மை என்பதுதான் அவளுக்கு எரிச்சல். முப்பத்தாறு வருஷத்தில் அந்த ஏடிவியை அவன் அவளைத் தொட விட்டதில்லை. முன்னால் பனி தள்ளும் பிளேடு கட்டிய நாலு சக்கர வண்டி அவனுக்குச் செல்லப்பிள்ளை. கால் முறிந்த மறுநாள்தான் சாவி அவள் கைக்கு வந்தது. ஐந்து வாரமாக, வேலைக்குப் போவதற்கு முன்பும் வந்த பிறகும் தள்ளியிருக்கிறாள். கார் போக வழி இருந்தால் போதும் என்று நினைத்தாள். லாரியை நினைக்கவில்லை.

பெரிய இயந்திரம் வைத்திருக்கும் மூன்று பேருக்குப் போன் போட்டாள். ஒருவன் வெள்ளிக்கிழமை என்றான். இன்னொருவன் வண்டியே கிளம்பவில்லை என்றான். மூன்றாமவன் குளிருக்குப் பயந்து தெற்கே போய்விட்டதாக அவன் அண்ணி சொன்னாள்.

"நம்ம ரெண்டு பேரும் டவுன்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்" என்றான் ஆர்விட்.

"போனா தண்ணிக்குழாய் எல்லாம் உறைஞ்சு வெடிக்கும். வீட்டை வசந்தத்துல வாளியில அள்ளிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு வெர்னா கம்பளிக் கால்சட்டையை மாட்டினாள். நல்லவேளை, அன்று பள்ளிக்கூடம் விடுமுறை.

வளைவில் இடது பக்கச் சுவரைத்தான் முதலில் பிடித்தாள். லோ கியரில் போட்டு, பிளேடைச் சாய்த்து, கட்டைவிரலால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். வண்டி போய் மோதியது. சுவரிலிருந்து ஒரு தட்டு அளவுக்குப் பனி உதிர்ந்தது. பின்னால் வந்து மறுபடி மோதினாள். பிளேடின் ஸ்பிரிங் மடங்கி, வண்டி முன்பக்கம் எழும்பி, அவள் பற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கடப்பாறையால் குத்தித் துண்டு துண்டாகப் பெயர்த்து, பெயர்த்ததைத் தள்ளினாள். ஒரு மணி நேரத்தில் இரண்டடி அகலம் கிடைத்தது, அதுவும் பத்தடி நீளத்துக்கு மட்டும். வளைவு முழுக்க நானூறு அடி.

பன்னிரண்டாவது தடவை மோதியபோது பிளேடைத் தூக்கும் விஞ்சுக் கயிறு அறுந்தது. பிளேடு தொப்பென்று கீழே விழுந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது.

"கயிறு போச்சு" என்றான் ஆர்விட்.

"எனக்குத் தெரியாதுன்னு சொல்றியா?"

"கொட்டகையில சாமான் கட்டுற பட்டை தொங்குது, மஞ்சள் கலர். அதை ரெண்டா மடிச்சுக் கட்டு. கயிறைவிடத் தாங்கும். ஆனா வெர்னா, அந்தச் சுவர் அசையாது. விட்டுடு."

பட்டையைக் கட்டி முடித்து, மூச்சு வாங்க வண்டியின் மேலேயே உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்த வளைவை முதல் முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சாலையிலிருந்து நேராக வந்த பாதை நடுவில் வலப்புறம் ஒதுங்கி, பெரிய வில்லாக வளைந்து, மறுபடி வீட்டு நேருக்கு வந்து சேர்ந்தது. ஏன் ஒதுங்குகிறது? அங்கே ஆர்விட்டின் தாத்தா கட்டிய மாட்டுக்கொட்டகை இருந்ததாம். அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்பே தீப்பிடித்து எரிந்துபோனது. அஸ்திவாரக் கற்களையும் தோண்டி எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே புல் நிலம், அதன் மேல் முழங்காலுக்கு மேல் பனி. மிதிபடாத பனி. சுவராக இறுகாத பனி.

அவள் போனை எடுத்தாள்.

"ஆர்வி, நான் வளைவை விட்டுட்டேன்."

"நல்லது. வா, காபி போட்டு வைக்கிறேன்."

"நேரா வெட்டப்போறேன். புல் நிலத்துக்குக் குறுக்க. முந்நூறு அடிதான்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"உனக்குப் பைத்தியமா? நடுவுல ஊத்து இருக்கு! வெறும் சேறு. கல்யாணமான வருஷம் ஏப்ரல்ல டிராக்டரை அங்கதான் இறக்கினேன், ரெண்டு நாள் எடுக்க முடியல. லாரி பதிமூணு டன்!"

"அது ஏப்ரல். இது ஜனவரி."

"ஜனவரின்னா? அரையாள் பனி போர்த்தியிருக்கு. கம்பளி போர்த்தின மாதிரி. அடியில தரை உறைஞ்சே இருக்காது. கையை விட்டுப் பாரு, சேறு வெதுவெதுன்னு இருக்கும்."

"அதான். கம்பளியை உருவிடறேன். நாளைக்கு ராத்திரி இருபத்திரண்டு டிகிரி கீழ போகுதுல்ல? அது வந்து என் வேலையைச் செய்யட்டும்."

ஜன்னலில் தொலைநோக்கியின் இரண்டு கண்ணாடிகளும் வெயிலில் மின்னின. "வண்டி மாட்டிக்கிச்சுன்னா நான் வந்து தள்ள முடியாது, தெரியும்ல" என்றான்.

"ஒத்தைக் கால்ல நிக்கிறவன் வந்து தள்ளி என்னத்தை ஆகப்போகுது?"

தக்காளிச் செடிக்கு ஊன்றும் குச்சிகளைக் கொண்டுவந்து நேர்கோடாக நட்டாள். அரையாள் பனியை ஒரே தள்ளில் தள்ள முயன்றால் வண்டி அதில் ஏறி உட்கார்ந்துவிடும். ஆகவே பிளேடைப் பாதி உயரத்துக்குத் தூக்கி முதலில் மேல் அடுக்கை மட்டும் வழித்தாள். பிறகு கீழ் அடுக்கு. இருபது அடி தள்ளுவது, ஓரத்துக்கு ஒதுக்குவது, பின்னால் வருவது. இந்த முறை ஒரு பிளேடு அகலம் அல்ல, நான்கு பிளேடு அகலம். புல் திட்டுகளில் பிளேடு தட்டும்போதெல்லாம் ஸ்பிரிங் மடங்கி வண்டி துள்ளியது. கைப்பிடியில் சூடு இருந்தும் விரல் நுனி மரத்தது. இமையில் உறைந்த பனியைக் கையுறையால் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்கு ஊற்றுக்கு வந்தாள். அது தெரிந்தது: பனி விலகியதும் அடியில் வெள்ளைக்குப் பதில் கறுப்பு. முன் சக்கரம் இரண்டும் சளக்கென்று இறங்கின. பின்னால் எடுக்கப் பார்த்தாள். சக்கரம் சுழன்று சேற்றை வாரி அவள் முகத்திலேயே அடித்தது.

போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

"சொல்லு, சொல்லிட்டுப் போ" என்றாள்.

"சொல்ல ஒண்ணும் இல்ல" என்றான் ஆர்விட். குரலில் கேலி இல்லை. "பொருத்தமா ஏதாவது சக்கரத்துக்கு அடியில குடு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதே, தோண்டிக்கிட்டே போகும்."

அவள் சௌனா எனும் நீராவிக் குளியல் அறைக்கு நடந்து விறகு கொண்டுவந்தாள். பனியில் சறுக்குப் பலகை இழுத்து, நான்கு நடை. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் விறகைத் திணித்து, மெல்ல மெல்லப் பின்னால் எடுத்தாள். வண்டி முனகிக்கொண்டு ஏறி வந்தது. அவள் இறங்கி அந்தக் கறுப்பு இடத்தைச் சுற்றி நடந்தாள். இருபது அடி நீளம். இருபது அடிக்காக மற்ற எல்லாம் வீணாகப்போவதா?

விறகு தாங்கியதே. ஏடிவியை விறகு தாங்குமென்றால், லாரியை எது தாங்கும்?

சௌனாவுக்குப் பின்னால் நாற்பது தேவதாருக் கம்பங்கள் அடுக்கியிருந்தன. பத்தடி நீளம், தொடை கனம். தோட்டத்துக்குள் மான் வராமல் வேலி போட ஆர்விட் போன கோடையெல்லாம் வெட்டித் தோலுரித்து வைத்தவை. சங்கிலியால் ஐந்து ஐந்தாகக் கட்டி ஏடிவியின் பின்னால் மாட்டி இழுத்தாள்.

முதல் கட்டு ஜன்னலைக் கடந்ததும் கண்ணாடிக்குள்ளிருந்தே அவன் கத்தியது கேட்டது. "ஏய்! அது என் வேலிக்கு!"

"மான் காத்திருக்கும்!" என்று கத்திவிட்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

இருட்டுவதற்குள் கம்பங்களைக் குறுக்கே ஒன்றை ஒட்டி ஒன்றாகச் சேற்றின்மேல் பரப்பிவிட்டாள். இடைவெளிகளில் பனியைத் தள்ளி ஏடிவியால் ஏறி ஏறி மிதித்தாள். வீட்டுக்குள் வந்தபோது பூட்ஸைக் கழற்ற அவள் விரல்கள் மடங்கவில்லை. ஆர்விட் ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, தரையில் உட்கார முடியாமல் உட்கார்ந்து, அவள் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். மான் கறிக் குழம்பைச் சூடாக்கியும் வைத்திருந்தான். வீட்டின் சூட்டை நன்றாகக் குறைத்து, இருவரும் கம்பளிச் சட்டையோடேயே சாப்பிட்டார்கள்.

"கம்பம் மட்டும் பத்தாது" என்றாள், கரண்டியை வைத்துவிட்டு. "தண்ணி ஊத்தணும். ஊத்தி ஊத்திக் கல்லாக்கணும்."

"எவ்வளவு தண்ணி?"

"நான் தினம் நானூறு பேருக்குச் சூப் வைக்கிறவ. இருபதுக்குப் பன்னெண்டு அடி, நாலு அங்குல ஆழம். அறுநூறு காலன் வரும்."

அவன் சிரித்தான். கூரையிலிருந்து விழுந்த பிறகு அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை, குளிருக்காகப் பள்ளிக்கூடத்தை இரண்டு நாளைக்கு மூடிவிட்டார்கள். பத்து காலன் கேன்கள் இரண்டை ஏடிவியின் பின்தட்டில் கட்டி, சௌனாக் குழாயில் நிரப்பி, ஊற்றில் கொண்டுபோய் ஊற்றினாள். ஒரு நடைக்கு இருபது காலன். முப்பது நடை. ஒரேயடியாக ஊற்றினால் மேலே மட்டும் உறைந்து அடியில் தண்ணீராகவே நிற்கும் என்பதால், மெல்லிசாகத் தெளித்து, அது வெளுக்கும் வரை காத்திருந்து, அதன் மேல் பனியைத் தூவி, மறுபடி தெளித்தாள். காத்திருக்கும் நேரத்தில் மிச்சமிருந்த பாதையையும் வழித்து அகலப்படுத்தினாள். பத்தாவது நடைக்குள் தெறித்த தண்ணீரில் கால்சட்டை பலகை மாதிரி ஆகிவிட்டது, மடக்கினால் முறிந்துவிடும்போல. பதினேழாவது நடையில் ஒரு கேன் கவிழ்ந்தது. அவள் கெட்ட வார்த்தை ஒன்றைத் தாராளமாகச் சொல்லிவிட்டு மறுபடி நிரப்பப் போனாள்.

மத்தியானம் ஆர்விட் போனில், "முள் எட்டு" என்றான்.

"இனிமே முள்ளைப் பத்திப் பேசாதே."

"சரி. சாயங்காலம் ஆறு காட்டும்னு சொல்லமாட்டேன்."

முப்பதாவது நடை முடிந்தபோது சூரியன் மரங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று நின்றுவிட்டிருந்தது. மூக்குத் துவாரம் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிப் பிரிந்தது. அவள் வாழ்நாளில் முதல் முறையாக, இன்னும் குளிரட்டும் என்று வேண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை காலை மூன்று அங்குலம் புதுப்பனி விழுந்திருந்தது. சாலையில் பனி தள்ளும் அரசாங்க வண்டி போன வேகத்தில் பாதையின் வாயில் இடுப்பளவு கட்டிப்பனியைக் குவித்துவிட்டுப் போயிருந்தது. வெர்னா அதை ஒரு மணி நேரம் கடித்துத் துப்புவதுபோல ஓரம் ஓரமாகப் பெயர்த்து எடுத்தாள். பிறகு பாதையை முழுக்க ஒரு தடவை வழித்துவிட்டு, மீன் பிடிக்க ஏரிப் பனிக்கட்டியை உடைக்கும் கனத்த உளிக்கம்பியை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். ஓங்கிக் குத்தினாள். ணங் என்றது. நாலடி தள்ளிக் குத்தினாள். ணங். ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக வந்தது. அங்கே ஒரு குச்சியை நட்டு, அதில் தன் சிவப்புக் கழுத்துத்துணியைக் கட்டினாள்.

பன்னிரண்டரைக்கு லைல் வந்தான். சாலையில் இறங்கி நின்று கண்ணை இடுக்கினான்.

"கோர்ப்பிம்மா, வளைவு எங்க?"

"இருந்த இடத்துலதான் இருக்கு. உனக்கு வேற வழி போட்டிருக்கேன்."

அவன் நடந்து பார்த்தான். ஊற்று வந்ததும் நின்று குதிகாலால் உதைத்தான். "இது என்ன, ஐஸா? இதுக்கு அடியில?"

"கம்பம். கம்பத்துக்கு அடியில உறைஞ்ச சேறு." மறைக்க அவளுக்கு மனமில்லை. "அதுக்கும் அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

லைல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "வண்டி இறங்கிட்டா என் வேலை போயிடும்மா. சத்தியமாப் போயிடும்."

"தெரியும். உன்னை வற்புறுத்த மாட்டேன். இந்தா." உளிக்கம்பியை நீட்டினாள். "நீயே குத்திப் பாரு. எங்க சந்தேகமோ அங்கெல்லாம் குத்து."

அவன் பத்துப் பதினைந்து இடத்தில் குத்தினான். ஒவ்வொரு சத்தத்துக்கும் காதைச் சாய்த்துக் கேட்டான். பிறகு எதுவும் சொல்லாமல் லாரிக்கு நடந்தான். திரும்பிப் போகப்போகிறான் என்றே வெர்னா நினைத்தாள். ஆனால் லாரியின் பின்விளக்கு எரிந்தது, பீப் பீப் என்ற சத்தத்தோடு லாரி பின்னோக்கி வரத் தொடங்கியது.

அவள் ஊற்றுக்கு வீட்டுப் பக்கம், அவன் கண்ணாடியில் தெரியும்படி நின்று இரண்டு கையையும் தூக்கி வழிகாட்டினாள். கொஞ்சம் இடது. நேர். நேர். பின்சக்கரங்கள் ஐஸின்மேல் ஏறின. மொறுக்கென்று ஒரு சத்தம். வண்டி நடுவுக்கு வந்ததும் துப்பாக்கி வெடித்ததுபோல டமார் என்றது. பனிக்கட்டியில் ஒரு கோடு அவள் காலை நோக்கி ஓடி வந்தது. லாரி நின்றது.

"நிக்காதே!" வெர்னா அலறினாள். "லைல், நிக்காதே! வா! வா! வந்துடு!"

பள்ளிக்கூட வராந்தாவில் ஓடும் நானூறு பிள்ளைகளை ஒரே சத்தத்தில் நிறுத்தும் குரல் அது. இப்போது அது ஒருவனை நகர்த்தியது. இன்ஜின் உறுமியது. பின்சக்கரங்கள் கம்பங்களின் முனையைத் தாண்டித் தரையைப் பிடித்தன, முன்சக்கரங்கள் கோட்டின்மேல் ஏறி இறங்கின, லாரி முழுக்க இந்தப் பக்கம் வந்துவிட்டது. விரிசலிலிருந்து கொஞ்சம் கறுப்புத் தண்ணீர் கசிந்தது. கசிந்த வேகத்திலேயே உறையவும் தொடங்கியது.

லைல் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். முகம் வெளிறியிருந்தது. "இறங்கிட்டேன்னே நினைச்சேன்!"

"நானும்தான். பேசாம குழாயை எடு."

அவன் குழாயை இழுத்து டேங்கில் மாட்டியபோது முள் நான்கில் இருந்தது. கேஸ் ஏறும் சீறல் கேட்டதும் வெர்னா ஏடிவியின் பிளேடின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் ஆர்விட் நின்றான். ஊன்றுகோல் இரண்டு, கட்டுப்போட்ட காலில் ஒரு கம்பளிக் காலுறை, மறுகாலில் வீட்டுச் செருப்பு. அந்தக் குளிரில் தொப்பிகூட இல்லை.

"உள்ள போ! இன்னொரு காலும் போகணுமா?" என்றாள்.

"பார்த்தேன்" என்றான் அவன். மூச்சு வெள்ளையாக வந்தது. "ஆரம்பத்துலேர்ந்து எல்லாம் பார்த்தேன், வெர்னா. நானா இருந்தா அந்தச் சுவரோடவே முட்டிக்கிட்டு நின்னிருப்பேன்." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

திரும்பும்போது லாரி நிற்காமல் ஒரே மூச்சில் ஊற்றைக் கடந்து சாலைக்கு ஏறியது. ஒரு கம்பம் மட்டும் முறிந்து நுனி தூக்கியிருந்தது. வெர்னா அதைச் சங்கிலி போட்டு இழுத்துவிட்டு, பள்ளத்தில் பனியை நிரப்பி, இரண்டு கேன் தண்ணீர் ஊற்றினாள். மார்ச் கடைசி வரை அந்த வழியாகவே போனார்கள், வந்தார்கள். ஒவ்வொரு பனிக்கும் அவள் ஓரங்களை எட்டித் தள்ளிவைத்தாள். பிப்ரவரியில் லைல் இன்னொரு தடவை வந்து போனான்.

பனி உருகியதும் ஊற்று மறுபடி சேறாகி, கம்பங்கள் மிதந்தன. ஜூன் மாதம், நொண்டி நொண்டி நடக்கத் தொடங்கிய ஆர்விட், அந்த நேர்ப்பாதையில் போடச் சரளைக்கல்லுக்கும் ஊற்று நீர் அடியில் ஓட ஒரு பெரிய சிமென்ட் குழாய்க்கும் சொல்லிவிட்டு வந்தான். குழாயை எங்கே வைப்பது என்று இருவரும் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். கடைசியில் வெர்னா காட்டிய இடத்தில் வைத்தார்கள்.